சாவியைத் திருகுமுன்

கம்மாபுரம், விருத்தாசலம் வட்டாரங்களில் ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்தபின் பட்டறை வாசல்களில் இழுத்துவந்து நிறுத்தப்படும் டிராக்டர்களையும் கார்களையும் விசாரித்துப் பார்த்தால், அவற்றுட் பலவற்றின் என்ஜினைக் கெடுத்தது வெள்ளமன்று, வெள்ளம் வடிந்ததும் உடையவர் காட்டிய அவசரமே என்பது தெரியவரும். 2011 டிசம்பரில் தானே புயலும், 2015இல் பெருமழையும், 2024 இறுதியில் ஃபெஞ்சல் புயலும் கடலூர் மாவட்டத்தாருக்கு இதைப் போதித்திருக்க வேண்டும், போதித்ததாகத் தெரியவில்லை.

நீர் அமுங்காத வஸ்து. ஏர் கிளீனர் வழியாகச் சிலிண்டருக்குள் இறங்கிவிட்ட நீரின்மேல் பிஸ்டன் ஏறும்போது, இடம் கொடாத அந்த நீரை எதிர்த்துக் கனெக்டிங் ராட் வளைகிறது. சில சமயம் முறிந்து, என்ஜின் பிளாக்கின் பக்கச்சுவரையே துளைத்துக்கொண்டு வெளிவருகிறது. ஆகவே நீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். தள்ளிவிட்டுக் கியரில் போட்டும் பார்க்காதீர்கள். பாட்டரி வயரைக் கழற்றுங்கள். நீர் எவ்வளவு உயரம் ஏறியது என்பது தெரியும்படி படம் எடுங்கள். அதன்பின் பட்டறைக்கு இழுத்துச் செல்லுங்கள்.

அங்கேயும் உடனே பிரிக்கச் சொல்லிவிடாதீர்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்து மூலம் தகவல் அனுப்பி, சர்வேயர் வந்து பார்த்த பிறகே ஹெட்டைக் கழற்ற வேண்டும். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் வைத்திருப்பவருக்குச் சொந்த வண்டியின் சேதத்துக்கு ஒரு காசும் வாராது. முழுப் பாலிசி வைத்திருப்பவரிடமும், வெள்ளத்துக்குப் பின் ஸ்டார்ட் செய்ததனால் நேர்ந்த நஷ்டம் ‘பின்விளைவு’ என்று கம்பெனி கைவிரிப்பது சர்வசாதாரணம். என்ஜின் பாதுகாப்புக்கென்று தனிப் பிரீமியம் கட்டியிருக்கிறீர்களா என்பதைப் பாலிசித் தாளில் இன்றே பாருங்கள். பழுதுச் செலவு, பாலிசியில் குறித்த வண்டி மதிப்பில் 75 சதவிகிதத்தைத் தாண்டினால், அதை முழு நஷ்டமாகக் கணக்கிடுவதே முறை.

இனி, பிளாக் தேறுமா என்ற கேள்வி. கண்ணால் பார்த்தே தீர்ப்புச் சொல்லுகிற மெக்கானிக்கை நம்ப வேண்டாம். பிளாக்கை நன்றாகக் கழுவி, சாயம் பூசி மயிரிழை விரிசலைத் தேடுவதும், தண்ணீர்ப் பாதைகளை அடைத்துக் காற்றழுத்தம் ஏற்றி நீரில் அமிழ்த்திக் குமிழி கிளம்புகிறதா என்று பார்ப்பதும், ஹெட் அமரும் மேற்பரப்பு கோணியிருக்கிறதா என்று நேர்சட்டமும் ஃபீலர் கேஜும் வைத்து அளப்பதும் அவசியம். தண்ணீர் ஓடும் வெளிச்சுவரில் மட்டும் விரிசல் எனில், வார்ப்பிரும்புப் பிளாக்கை ஸ்டிச்சிங் முறையில் தைத்துவிடலாம். வெல்டிங் எனில் முன்கூட்டிச் சூடாக்கி, பின்பு மெதுவாக ஆறவிடத் தெரிந்தவரிடமே கொடுக்க வேண்டும், இல்லையேல் வெல்டிங்கின் ஓரத்திலேயே மறுபடி வெடிக்கும். லைனர் மட்டும் உடைந்திருந்தால் லைனரை மாற்றினால் போதும். மெயின் பேரிங் அமரும் இடத்தில் விரிசல் ஓடியிருந்தால், லேத்காரர் எத்துணைச் சமர்த்தராயினும், அந்தப் பிளாக்கைக் கைவிடுவதே உசிதம். எந்த முடிவாயினும் பட்டறையின் பில் தாளில் எழுதி வாங்குங்கள்.

பிளாக்கை மாற்றினால் என்ஜின் எண்ணும் மாறுகிறது என்பதை ஏனோ எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, முன்அனுமதி பெறாத மாற்றத்தை 14 நாட்களுக்குள் ஆர்.சி. புத்தகத்தோடும் கட்டணத்தோடும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. பழைய இரும்புக்கடைப் பிளாக்கைப் பில் இல்லாமல் வாங்கியவர், அடுத்த விபத்தில் இன்சூரன்ஸ் கேட்டுப் போகும்போதுதான் விழிப்பார்.

கம்பெனி மறுத்தால் வாய்ச்சொல்லோடு திரும்பாதீர்கள். மறுப்பைக் கடிதமாகக் கேளுங்கள். கம்பெனியின் குறைதீர் அலுவலருக்கு எழுதியும் ஒரு மாதத்தில் பதிலில்லை, அல்லது வந்த பதில் திருப்தியில்லை என்றால், ஓராண்டுக்குள் சென்னை அண்ணா சாலையிலுள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் அலுவலகத்துக்கு விண்ணப்பிக்கலாம். கட்டணமில்லை, வக்கீலும் வேண்டாம். கடலூரிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டாண்டு அவகாசம் உண்டு. இவை முடியும்வரை உடைந்த பிளாக்கை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சர்வேயர் மறுமுறை பார்க்கக் கேட்டால் காட்டுவதற்கு அது ஒன்றே உண்டு.