பெட்ரோல் பங்கில் ஒரு விசுவாசியின் கைகள்



மும்பை, பெங்களூர் போன்ற பட்டணங்களில் பிழைப்புக்காக வந்திருக்கிற நம் வாலிபரில், ஐ.டி.ஐ. முடித்த மின்பணியாளர்கள் அநேகர். அவர்களில் சிலர் ஒப்பந்தக்காரரிடம் சேர்ந்து, பெட்ரோல் பங்குகளின் இயந்திரங்களைப் பழுதுபார்க்கிறார்கள். அந்த வேலையில் விசுவாசிக்கு நேரிடும் சோதனைகள் இரண்டு.

முதலாவது, உயிரைக் குறித்த சோதனை

பெட்ரோல், பூஜ்யத்துக்கு 40 டிகிரி கீழான குளிரிலும் பற்றக்கூடிய ஆவியை வெளிவிடுகிறது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. ஆகையால் அது மேலே கலைந்துபோகாமல், கேபிள் செல்லும் பள்ளத்திலும் இயந்திரத்தின் அடிக்குழியிலும் கண்ணுக்குத் தெரியாமல் தங்குகிறது. காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கலந்திருந்தாலே, ஒரு சிறு பொறி போதும்.

ஆகவேதான் அங்குள்ள மோட்டாரும் இணைப்புப் பெட்டியும் 'பிளேம்புரூப்' வகையாகச் செய்யப்படுகின்றன. அது ஆவியை உள்ளே விடாத பெட்டியன்று. உள்ளே வெடித்தாலும், அந்த நெருப்பு மூடியின் விளிம்பிலுள்ள மிக மெல்லிய இடைவெளியைக் கடக்கும்போதே குளிர்ந்து, வெளியிலுள்ள ஆவியைப் பற்றவைக்காதபடி அமைக்கப்பட்டது. ஒரு போல்ட்டை மாட்டாமல் விட்டாலும், கேபிள் கிளாண்டு தளர்ந்தாலும், விளிம்பில் கீறல் விழுந்தாலும் அந்தப் பாதுகாப்பு அற்றுப்போம். பார்க்கிறவர்களுக்கோ பெட்டி மூடியே இருக்கும்.

"மெயினை நிறுத்தினால் வியாபாரம் கெடும், அப்படியே பார்த்துவிடு" என்று முதலாளி சொல்லலாம். "கர்த்தர் காப்பார்" என்று நீங்களும் துணியலாம். தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கும்படி சோதனைக்காரன் சொன்னபோது, பாதுகாப்பின் வாக்குத்தத்தத்தையே எடுத்துக்காட்டினான் என்பதை நினைவுகூருங்கள் (மத்தேயு 4). நம் ஆண்டவர் குதிக்கவில்லை.

மெயின் சுவிட்சை நிறுத்தி, பூட்டி, சாவியைத் தன் பையில் வைத்து, யு.பி.எஸ். வழியாக வரும் மின்சாரத்தையும் துண்டித்து, அவ்விடத்துக்கு ஏற்ற மீட்டரால் சோதித்தபின் திறப்பது அவிசுவாசமல்ல. அது பிறர் விழுந்து மடியாதபடி மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டுவதற்கு ஒப்பான கீழ்ப்படிதல் (உபாகமம் 22:8). மனைவி பிள்ளைகளோடு ஸ்கூட்டரில் வந்து வரிசையில் நிற்கிறவனுடைய உயிரும் உங்கள் கையில் இருக்கிறதல்லவா?

இரண்டாவது, அளவைக் குறித்த சோதனை

இயந்திரத்துக்குள் ஓடும் எரிபொருளை மீட்டர் அளக்கிறது. 'பல்சர்' என்னும் சிறு கருவி அதை மின்துடிப்புகளாக மாற்ற, அவை எண்ணப்பட்டு லிட்டராகத் தெரிகின்றன. இந்த இடத்தில்தான் வஞ்சகம் நுழைகிறது. 2017-ஆம் ஆண்டு ஏப்ரலில் லக்னோவில் காவல்துறையினர் சோதனையிட்டபோது, அளவைக் குறைக்கும் சிப்புகள் சில பங்குகளில் பிடிபட்டன. மின்வேலை அறிந்த ஒரு கை இணங்காமல் அது நடந்திராது.

மீட்டரிலும் பல்சரிலும் சட்டமுறை எடையளவுத் துறையார் முத்திரை இடுகிறார்கள். பழுதுக்காக அது உடைக்கப்பட்டால், மறுபடியும் சோதித்து முத்திரையிட வேண்டும். "யாரும் பார்க்கவில்லை" என்று எவர் சொன்னாலும் இணங்காதிருங்கள். கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பென்பதை நாம் அறிவோம். வாகனம் வைத்திருக்கிறவர்களே, ஐயம் உண்டானால் 5 லிட்டர் அளவுபாத்திரத்தால் அளந்துகாட்டும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

சபைக்கு ஒரு வார்த்தை

பெசலெயேல் தேவ ஆவியினால் நிரப்பப்பட்டது, பிரசங்கிப்பதற்காக அல்ல, கைவேலைக்காக (யாத்திராகமம் 31). அபிஷேகம் ஞாயிறு ஆராதனையோடு முடிவதன்று. திங்கட்கிழமை கடைசி போல்ட்டை முடுக்குகிற கையிலும் அது விளங்கவேண்டும்.

மூப்பர்களே, "மறுத்தேன், வேலை போயிற்று" என்று ஒரு வாலிபன் வந்தால், ஜெபித்து அனுப்பிவிடாதிருங்கள். அவனுடைய ஒரு மாத வாடகையையும் சபை தாங்கட்டும். அவன் உண்மைக்காக இழந்ததில் நாமும் பங்குபெறுவோம்.

கர்த்தர் உங்கள் கைகளின் கிரியையை உறுதிப்படுத்துவாராக. ஆமென்.