பொறுத்தவரும் பொறுத்து முடித்தவரும்

‘தெர்பேத்’ என்ற ஒரே ஒரு ரஷ்ய வினைச்சொல் ஆங்கிலத்தைத் திணற அடிக்கிறது. தமிழும் மலையாளமும் அதைச் சமாளித்துவிடும். ஆனால் சொல் வந்து சேரும் வழிதான் பிரச்னை.

மாஸ்கோவில் பல் மருத்துவர் ஊசியைக் கையில் எடுத்ததும் சொல்லும் சொல், ‘பொதெர்பீத்தே’. இதை ஆங்கிலத்தில் பெயர்ப்பவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசிக்க வேண்டியிருக்கும். ‘பேஷன்ட்’ஆக இருக்கச் சொன்னால் காத்திருக்கச் சொல்வதாகிவிடும். ‘எண்ட்யூர்’ என்றால் சித்திரவதைக்குத் தயார்ப்படுத்துவது போலத் தொனிக்கும். ‘டாலரேட்’ என்றால் எதிரே இருப்பது ஊசியா, எதிர்க்கட்சியா என்று சந்தேகம் வரும். மதுரை நர்ஸுக்கு இந்தச் சங்கடமே கிடையாது. ‘கொஞ்சம் பொறுத்துக்குங்க’ என்று சொல்லியபடியே ஊசியைப் போட்டுவிடுவார்.

ஊசியோடு முடிகிற விஷயமல்ல இது. துன்பப்படுவதைப் பற்றி ரஷ்ய எழுத்தாளர்கள் அளவுக்கு எழுதியவர்கள் குறைவு. துன்பத்தைத் தாங்குவதற்கான வினைச்சொல்லே பிசகினால் கதாபாத்திரத்தின் குணமே மாறிவிடும்.

இந்தச் சிக்கலை யோசிக்க திருவனந்தபுரம் பொருத்தமான ஊர். கேரளப் பல்கலைக்கழகத்தில் ரஷ்ய மொழிக்கென்றே தனித் துறை உண்டு. இந்தியாவில் உள்ள ஐந்து ரஷ்யக் கலாசார மையங்களில் ஒன்று இங்கே வான்ரோஸ் சந்திப்பில் இருக்கிறது. சோவியத் புத்தகங்களை மலிவு விலையில் மலையாளிகளின் வீடுகளுக்குக் கொண்டுசேர்த்த பிரபாத் புக் ஹவுஸும் இந்த ஊர்தான். பெரும்படவம் ஸ்ரீதரன் இந்த நகரில் வாழ்ந்தவர். ரஷ்யாவைப் பார்க்காமலேயே தாஸ்தாயெவ்ஸ்கியைப் பற்றி ‘ஒரு சங்கீர்த்தனம் போலே’ நாவலை எழுதினார். 1993ல் வெளியான அந்த நாவல் நூறு பதிப்புகளைத் தாண்டியது. மொழிபெயர்ப்புகளை மட்டுமே நம்பி ஒரு சமூகம் ரஷ்ய இலக்கியத்தோடு எவ்வளவு நெருங்க முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அந்த நெருக்கத்தில் எவ்வளவு கைநழுவிப் போகிறது? ‘தெர்பேத்’ குடும்பத்தைப் பார்த்தாலே புரியும். ரஷ்ய மொழியில் வினைச்சொல்லின் முன்னால் ஓர் ஒட்டைச் சேர்த்தால் பொருள் திசை திரும்பும். ‘பொதெர்பேத்’ என்றால் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்வது. ‘வீதெர்பெத்’ கடைசிவரை தாங்கி முடிப்பது. ‘ஸ்தெர்பேத்’ அவமானத்தை வாய் திறக்காமல் விழுங்கிவிடுவது. ‘பெரெதெர்பேத்’ கஷ்டகாலத்தைக் கடந்து அக்கரை சேர்வது. ‘நதெர்பேத்ஸா’ போதும் போதும் என்கிற அளவுக்குப் படுவது. கோர்ட்டுக்குப் போனால், குற்றத்தால் பாதிக்கப்பட்டவரின் சட்டப்பெயர் ‘பொதெர்பேவ்ஷி’. அதுவும் இதே வேர்தான். ஒருவரை ‘தெர்பேத் செய்ய முடியாது’ என்றாலோ, கண்டாலே ஆகாது என்று அர்த்தம்.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு குடும்பம்: வினஸீத், ஸ்னஸீத், பெரெனஸீத். மூன்றுக்கும் அடியில் இருப்பது சுமத்தல். வெளியே சுமப்பது, கீழே சுமப்பது, அக்கரைக்குச் சுமப்பது என்று போய், மூன்றுமே தாங்கிக்கொள்வதைக் குறிக்கின்றன. தமிழருக்கு இது அன்னியமல்ல. ‘பொறை’ என்ற சொல்லுக்குப் பொறுமை என்றும் பொருள் உண்டு, சுமை என்றும் உண்டு. பழைய திருவிதாங்கூர்ச் சாலையோரத்துச் சுமைதாங்கிக் கற்களைப் பார்த்தவர்களுக்கு இரண்டுக்கும் உள்ள உறவை விளக்க வேண்டியதில்லை.

ஆங்கிலத்திலும் சுமப்பதற்கும் தாங்குவதற்கும் ‘பேர்’ என்ற ஒரே சொல் இருக்கிறது. ஆனால் அதற்கு மேல் முன்னொட்டு உதவி இல்லை. ‘எண்ட்யூர்ட்’ என்று எழுதிவிட்டால், அந்த ஆள் தாங்கிக்கொண்டே இருந்தானா, தாங்கி முடித்தானா என்பது தெரியாது. ரஷ்ய வினைச்சொல் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கும். அதை ஈடுகட்ட ஆங்கிலத்தில் நாலு சொல் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். பெரும்பாலும் சேர்ப்பதில்லை.

செகாவின் ‘கடல் பறவை’ நாடகம் நல்ல உதாரணம். கடைசி அங்கத்தில் திரும்பி வருகிற நீனா குழந்தையை இழந்தவள், காதலனால் கைவிடப்பட்டவள், சின்ன ஊர் மேடைகளில் நடித்துப் பிழைப்பவள். தன் தொழிலில் புகழ் முக்கியமல்ல, ‘தெர்பேத்’ செய்யத் தெரிவதுதான் முக்கியம் என்பது அவள் கண்ட பாடம். சில ஆங்கில மொழிபெயர்ப்புகளில் இது பொறுமை. வேறு சிலவற்றில் தாக்குப்பிடிக்கும் திறன். முதலாமவள் காத்திருக்கக் கற்றவள். இரண்டாமவள் அடி வாங்கியும் மேடையை விட்டு இறங்காதவள். நடிகைக்கு இவை இரண்டு வெவ்வேறு வேடங்கள். ரஷ்ய நடிகைக்கோ ஒரே சொல்லில் இரண்டும் கிடைக்கின்றன.

தமிழின் ‘பொறு’வும் அப்படித்தான். காத்திரு, தாங்கிக்கொள், மன்னித்துவிடு என்று மூன்றையும் சொல்லும். முன்னொட்டு இல்லாவிட்டால் என்ன, துணைவினைகள் இருக்கின்றன. பொறுத்துக்கொள், பொறுத்துப் போ, பொறுத்துப் பார், பொறுத்துத் தீர். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரிப் பொறுமை. ரஷ்ய மொழி வினைச்சொல்லின் தலையில் வைப்பதைத் தமிழ் வாலில் வைக்கிறது, அவ்வளவுதான்.

மலையாளத்தில் கணக்கு வேறு. அங்கேயும் ‘பொறுக்குக’ உண்டு. ஆனால் இன்றைய பேச்சில் அது முதலில் மன்னிப்பைத்தான் குறிக்கும். புண் ஆறுவதற்கும் அதே சொல் வரும். வலியைத் தாங்குவதற்கு ‘சஹிக்குக’. சாலைக் கடைவீதியில் தமிழர் ‘பொறுங்க’ என்று காத்திருக்கச் சொன்னால், மலையாளி காதில் மன்னிப்புக் கேட்பது போல விழக்கூடும். ஒரு தாய் வயிற்று மொழிகளே இப்படிப் பிரிந்திருக்கும்போது, ஒரே ஆங்கிலச் சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஒரே ரஷ்யச் சொல்லைப் பிடித்துவிட முடியாது.

‘டாலரன்ஸ்’ வந்தால் குழப்பம் கூடும். வலியமலையில் உள்ள இஸ்ரோவின் திரவ எரிபொருள் மையம் திருவனந்தபுரத்தின் இன்னொரு ரஷ்யத் தொடர்பு. 1991ல் சோவியத் நிறுவனமான கிளாவ்காஸ்மாஸோடு கிரையோஜெனிக் ஒப்பந்தம் போடப்பட்டது. 1993ல் தொழில்நுட்பம் தர ரஷ்யா மறுத்தது. வந்த எஞ்சின்களில் ஒன்றோடு 2001 ஏப்ரலில் முதல் ஜிஎஸ்எல்வி கிளம்பியது. எஞ்சின் பாகத்தின் அளவு எத்தனை நூலிழை பிசகலாம் என்பதை ஆங்கிலப் பொறியாளர் ‘டாலரன்ஸ்’ என்பார். பக்கத்து வீட்டுக்காரரின் மதத்தை மதிப்பதும் அவருக்கு ‘டாலரன்ஸ்’தான். ரஷ்யருக்கு முதலாவது ‘தோபுஸ்க்’, அதாவது அனுமதி. இரண்டாவது ‘தெர்பீமஸ்த்’, அதாவது பொறுத்துப்போகும் குணம். சொல் ஒன்றுதானே என்று நம்பினால், உலோகத்துக்குக் குணம் வந்துவிடும் அல்லது மனிதனுக்கு மில்லிமீட்டர் வந்துவிடும்.

நேரடியாக ரஷ்ய மொழியிலிருந்து பெயர்ப்பது ஒரு காலத்தில் நடந்த காரியம்தான். மாஸ்கோ கோபாலகிருஷ்ணன் என்றே அறியப்பட்டவரும் அவர் மனைவி ஓமனாவும் மாஸ்கோவிலேயே தங்கி மலையாளத்துக்கு உழைத்தார்கள். தமிழுக்கு பூ.சோமசுந்தரம், ரா.கிருஷ்ணையா, நா.தர்மராஜன் போன்றவர்கள் அங்கே பணியாற்றினார்கள். 1991ல் சோவியத் யூனியன் உடைந்ததோடு அந்த ஏற்பாடு முடிந்தது. அதன் பிறகும் நல்ல மொழிபெயர்ப்புகள் வராமல் இல்லை. தாஸ்தாயெவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’, ‘அசடன்’ இரண்டையும் எம்.ஏ.சுசீலா தமிழுக்குத் தந்திருக்கிறார். மலையாளத்தில் முன்பே என்.கே.தாமோதரன் செய்த பணி பெரியது. ஆனால் இவை ஆங்கிலம் வழியாக வந்தவை. எத்தனை திறமை இருந்தாலும், ஆங்கிலத்தில் விடுபட்ட ‘பொறுத்துத் தீர்த்தான்’ தமிழில் தானாக முளைக்காது.

வேடிக்கை இதுதான்: கொடுக்கிற மொழியிலும் வாங்குகிற மொழியிலும் சொல் இருக்கிறது. நடுவே நிற்கும் தரகரிடம்தான் இல்லை. ரஷ்ய மொழி கற்கிற மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பு, சுற்றுலா, விண்வெளி என்று வேலைகள் கிடைக்கலாம். அவர்களில் நாலு பேராவது தரகர் இல்லாமல் ஒரு நாவலைப் பெயர்க்க உட்கார்ந்தால், நீனா தமிழில் வெறுமனே காத்திருக்க மாட்டாள். தாக்குப்பிடிப்பாள்.