விழிப்பே காவல்

ஆபத்துகள் பல நமக்குச் சிறிது அவகாசம் தந்தே வருகின்றன. அதனைப் பயன்கொள்வதே விழிப்பு.

2004 டிசெம்பர் 26ஆம் நாள் சுமாத்திராத் தீவை அடுத்த கடலடி அதிர்ந்தது. ஆழிப்பேரலை நம் கிழக்குக் கரையை அடைய ஏறக்குறைய 2 மணி நேரம் சென்றது. ஆயினும், கரையோர மக்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. இலங்கையில் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னரே இந்து சமுத்திரத்துக்கென எச்சரிக்கை அமைப்பு எழுந்தது.

வீட்டு முற்றத்துக்கோ நாமே காவலர். டெங்கு நுளம்பு தேங்கிய நீரில் முட்டையிட்டால், அது பறக்கும் நுளம்பாக ஏறக்குறைய ஒரு வாரம் செல்லும். ஆகவே, எமது பாடசாலையில் வெள்ளிதோறும் மாணவர் சிரட்டைகளைக் கவிழ்ப்பர். பூச்சாடித் தட்டுகளைத் தேய்த்துக் கழுவுவர். ஒரு வாரம் தவறினும் நுளம்பு முந்திவிடும்.

விழிப்பு என்பது அச்சமன்று. முறை தவறாத நற்பழக்கமே அது.