சுமை மாறும் ஊர்: தென் அவுஸ்திரேலியாவின் மரீ

அவுஸ்திரேலியா என்றதும் சிட்னி, மெல்பேண் முதலாய கரையோரப் பெருநகரங்களே நம்மவர் நினைவுக்கு வருவன. பழைய மாணவர் பலர் குடியேறி வாழ்வதும் அந்நகரங்களிலேயே. அக்கண்டத்தின் உள்நாட்டை அறிய விரும்புவோர் ஆங்குள்ள ஒரு சிற்றூரையேனும் கூர்ந்து நோக்குதல் வேண்டும். அதற்கென யாம் தெரிந்துகொண்ட ஊர் மரீ. அடிலெயிட் நகருக்கு வடக்கே ஏறக்குறைய 685 கிலோமீற்றர் தூரத்தில், பாலையின் விளிம்பில் உள்ளது அது. ஒரு கல்லூரியின் இரண்டு மூன்று வகுப்பறைகளில் அவ்வூரார் அனைவரையும் இருத்திவிடலாம்.

இத்தகைய வறள்நிலத்தில் ஊர் ஒன்று தோன்றியது எங்ஙனம்? ஆண்டு முழுவதிலும் பெய்யும் மழை ஏறக்குறைய 160 மில்லிமீற்றரே. வடமேற்கிலுள்ள ஏர் ஏரி கடல் மட்டத்துக்கு 15 மீற்றர் தாழ்ந்தது. பெரும்பாலான காலம் நீரின்றி உப்புப் பாளமாய்க் கிடப்பது. ஆயினும் நிலத்தின் கீழ் வளமான நீருண்டு. ஏறக்குறைய 17 இலட்சம் சதுர கிலோமீற்றர் பரப்பில் விரிந்து கிடக்கும் ஆட்டீசியன் வடிநிலத்தின் தென்மேற்கு ஓரம் இப்பகுதி. பாறைகளுக்கிடையே அழுத்தமுற்றுக் கிடக்கும் நீர், வெடிப்புகள் வழியே மேலெழுந்து ஊற்றாகின்றது. மரீயிலிருந்து வடமேற்காக ஊட்னடாட்டா நோக்கி இவ்வூற்றுகள் வில் வளைவாய்த் தொடர்கின்றன.

அறபானா, டியேரி முதலிய ஆதிக்குடிகள் ஊற்றுக்கு ஊற்று நடந்து, செங்காவி முதலிய பண்டங்களை மாற்றி வாழ்ந்தனர். 1859இல் ஜோன் மக்டூவல் ஸ்டுவர்ட் என்பார் நாடாய்ந்து சென்றபோது, அவர் கூட்டத்தைச் சேர்ந்த ஹேர்கொட் என்னும் ஜேர்மானியர் இங்குள்ள ஊற்றுகளைக் கண்டனர். ஹேர்கொட் ஊற்று என்பதே ஊரின் முதற்பெயராயிற்று. முதலாம் உலகப்போரில் ஜேர்மன் பெயர்கள் மீது எழுந்த வெறுப்பினால், 1918இல் அது மரீ என மாறிற்று. ஸ்டுவர்ட் சென்ற ஊற்று வழியையே தந்திக்கம்பிகளும் தொடர்ந்தன. 1872இல் நிறைவெய்திய அத்தந்தி மார்க்கம் அடிலெயிட்டை டார்வினோடு இணைத்தது. அங்கிருந்து கடலடிக் கம்பிவழி ஜாவா, சிங்கப்பூர், சென்னைப்பட்டினம் ஊடாகச் செய்திகள் இலண்டனை அடைந்தன. நீராவி எந்திரத்துக்கும் நீர் வேண்டுமாதலின் புகையிரதமும் பின்னர் அவ்வழியே வந்தது.

1884இல் இருப்புப்பாதை இவ்வூரை எட்டியது. பாதை மேலும் நீளும்வரை, சில ஆண்டுகள் இதுவே அதன் முடிவிடமாயிருந்தது; 1891இல் அது ஊட்னடாட்டாவை எட்டியது. புகையிரதம் கொணர்ந்த மா, சீனி, தேயிலை யாவும் இங்கே இறக்கப்பட்டு ஒட்டகத்தின் முதுகில் ஏறின. உள்நாட்டுப் பண்ணைகளின் கம்பளிப் பொதிகள் ஒட்டகத்தினின்று இறங்கிப் புகையிரதத்தில் ஏறின. ஒரு வாகனத்தினின்று மற்றொன்றுக்குச் சுமை மாறுதலே ஊரின் பிழைப்பாயிற்று.

ஒட்டகங்களை நடத்தியோர் ஆப்கானிஸ்தானம், பலுசிஸ்தானம், பஞ்சாப், சிந்து முதலிய நாடுகளினின்றும் வந்தோர். எந்நாட்டினராயினும் ‘ஆப்கானியர்’ என ஒரே பெயரால் அழைக்கப்பட்டனர். மண்சுவரும் கூரையும் கொண்ட பள்ளிவாசல் ஒன்றை அமைத்தனர், பேரீச்சை நட்டனர். ஊரை இருகூறாக்கியது இருப்புப்பாதை. ஒருபுறம் வெள்ளையர், மறுபுறம் ஆப்கானியரும் ஆதிக்குடிகளும். 1903இல் இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம் ஆசியாவிற் பிறந்தோர்க்குக் குடியுரிமை மறுத்தது. தந்தி மார்க்கத்துக்கும் இருப்புப்பாதைக்கும் வேண்டிய பொருள்களைச் சுமந்தவை இவர்தம் ஒட்டகங்களே என்பதை யாம் ஈண்டு அழுத்திச் சொல்லுதல் தகும். மோட்டார் வண்டி வந்தபின் அவை வேண்டாப் பொருளாயின. அலைந்து திரியும் ஒட்டகங்களைச் சுட்டுக்கொல்ல இடமளித்து 1925இல் தென் அவுஸ்திரேலியாவில் ஒரு சட்டமே பிறந்தது. பலர் தம் விலங்குகளைக் கொல்ல மனமின்றிக் காட்டில் விட்டனர். இன்று அக்கண்டத்தில் திரியும் காட்டொட்டகங்கள் இவ்வாறு விடப்பட்டவற்றின் வழித்தோன்றல்களே.

1929இல் பாதை அலிஸ் ஸ்பிரிங்ஸ் வரை சென்றது. அவ்வழி ஓடிய வண்டிக்கு ஆப்கானியர் பெயரின் குறுக்கமாகிய ‘கான்’ என்பது வழங்கலாயிற்று. 1957இல் லீ கிறீக் நிலக்கரிச் சுரங்கத்தையொட்டி, 1435 மில்லிமீற்றர் அகலமுள்ள புதிய பாதை மரீ வரை இடப்பட்டது. அதற்கப்பால் 1067 மில்லிமீற்றர்ப் பழைய பாதையே. எனவே பயணிகள் இங்கிறங்கி வண்டி மாறினர், பண்டங்களும் மாறின. அகல வேறுபாடு பிறர்க்குத் தொல்லை, மரீக்கோ வாழ்வு. குயின்ஸ்லாந்திலிருந்து பேர்ட்ஸ்வில் தடம் வழியே ஏறக்குறைய 520 கிலோமீற்றர் ஓட்டிவரப்பட்ட மாட்டு மந்தைகளும் இங்கேயே புகையிரதம் ஏறின.

பழைய பாதையோ வெள்ளத்தில் அடிக்கடி அரிப்புண்டது. டீசல் எந்திரம் வந்தபின் ஊற்றுநீரின் தேவையும் ஒழிந்தது. 1980இல் டார்க்கூலாவிலிருந்து அலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு, மேற்கே வெகுதூரம் விலகி, புதிய பாதை திறக்கப்பட்டது. சில ஆண்டுகளில் மரீக்கு வந்த பாதையும் கைவிடப்பட்டது. பழைய எந்திரங்கள் இன்றும் நிலையத்தில் நிற்கின்றன. ஒட்டகமோட்டிகளின் வழித்தோன்றல்களும் ஊரில் உளர்.

எஞ்சியது தெருவழியே. 1936 முதல் இருபதாண்டுகளுக்கு மேலாக டொம் குறூஸ் என்பார் பேர்ட்ஸ்வில் தடத்தில் லொறியில் தபால் கொண்டு சென்றார். அவரைப் பற்றிய திரைப்படம் 1954இல் வெளிவந்தது. மணலிற் புதையும் சக்கரத்தின் கீழ் இரும்புத் தகடிட்டு நகர்த்துவார். 1949இல் கூப்பர் ஓடை பெருகியபோது சுமையைப் படகிலேற்றி அக்கரை சேர்த்தார். 2010இல் ஓடை மீண்டும் தடத்தை மூடியபோதும், வாகனங்களைத் தெப்பத்தில் ஏற்றியே கடத்தினர்.