குடும்பப் புகைப்படத்திற்கு ஏற்ற பருவம்: மணிமங்கலம் வட்டாரம்

குடும்பத்தார் அனைவரும் ஒன்றுகூடி, தொழில்முறைப் புகைப்படக் கலைஞர் ஒருவரைக் கொண்டு எடுத்துக்கொள்ளும் படமே இங்கு குடும்பப் புகைப்படம் எனப்படுகிறது. ஆண்டின் எந்தப் பருவம் இதற்கு ஏற்றது என்று இணையத்தில் தேடினால் கிடைக்கும் விடைகளில் பெரும்பாலானவை குளிர்நாடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அக்டோபரில் எடுங்கள், மரங்கள் பொன்னும் சிவப்புமாக நிற்கும் என்று அவை சொல்கின்றன. காஞ்சிபுரம் மாவட்டத்து மணிமங்கலத்தில் அக்டோபர் மாதம் கேமராவைவிடக் குடைதான் அதிகம் தேவைப்படும். ஆகவே இந்தக் கேள்வியை இவ்வட்டாரத்தின் வெயில், மழை, விடுமுறை ஆகியவற்றைக் கொண்டே ஆராய வேண்டும்.

7ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கிய அரசன் இரண்டாம் புலிகேசியை வென்ற களங்களுள் ஒன்றாகக் கூரம் செப்பேடு குறிப்பிடும் ஊர் மணிமங்கலம். இன்று இது ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் தொழிற்பகுதியின் அருகில் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் உற்பத்தியும், ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசான் ஆலையும் தொடங்கிய பிறகு, வெளிமாவட்டங்களிலிருந்தும் வெளிமாநிலங்களிலிருந்தும் வந்து வாடகை வீட்டில் வாழும் குடும்பங்கள் இங்கே பெருகின. கணவன் ஒரு ஷிப்டில், மனைவி வேறொரு ஷிப்டில், பெற்றோர் ஊரில் என்று வாழும் வீட்டில் எல்லோரும் ஒரே இடத்தில் இருக்கும் நாள்கள் ஆண்டுக்குச் சிலவே. அந்தச் சில நாள்களில் எது நல்ல வெளிச்சமுள்ள நாள் என்பதுதான் உண்மையான கேள்வி.

வெளிச்சத்தின் கணக்கு

நண்பகல் வெயிலில் எடுத்த படத்தில் கண்குழிகள் கருத்தும் நெற்றி வெளுத்தும் தெரியும். ஒளி நேர் மேலிருந்து விழுவதே இதற்குக் காரணம். காலையிலும் மாலையிலும் சூரியன் தாழ்வாக இருக்கையில் ஒளி பக்கவாட்டில் வருகிறது. அது காற்று மண்டலத்தில் நீண்ட தூரம் கடந்து வருவதால் நீலக் கதிர்கள் வழியிலேயே சிதறிவிடுகின்றன. மஞ்சளும் செம்மையும் மிஞ்சுகின்றன. நம் மாநிறத் தோலுக்கு இந்த ஒளி மிக இசைவானது.

மணிமங்கலம் ஏறத்தாழ 13 பாகை வட அட்சரேகையில் இருப்பதால் இங்கே சூரியன் செங்குத்தாக இறங்கி மறைகிறது. அடிவானத்துக்கு மேலே 6 பாகை உயரத்திலிருந்து மறைவதற்கு அது எடுத்துக்கொள்ளும் நேரம் 25 முதல் 27 நிமிடம். லண்டனில் இதே தொலைவுக்கு 40 முதல் 50 நிமிடம் ஆகும். வெளிநாட்டுக் குறிப்பைப் படித்துவிட்டு மாலை ஒளி ஒரு மணி நேரம் இருக்கும் என நம்பினால், பாட்டிக்கு நாற்காலி போட்டு, குழந்தையின் தலையை வாரி முடிப்பதற்குள் இருட்டிவிடும்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஏப்ரல் 24, ஆகஸ்டு 18 ஆகிய நாள்களை ஒட்டி நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. டிசம்பர் 21 அன்று நண்பகலில்கூட அதன் உயரம் 53 பாகையை ஒட்டியே இருக்கும். எனவே மார்கழியில் காலை எட்டரை மணிக்குக் கிடைக்கும் சாய்வான ஒளி, சித்திரையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்பே முடிந்துவிடும். குழந்தைகளைக் கிளப்பித் தயார் செய்ய அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு பெரிது என்பது பெற்றோருக்குத் தெரியும்.

மாதங்கள்

மே மாதத்தில்தான் பள்ளிக்கு நீண்ட விடுமுறை. உறவினர் வருவதும் அப்போதுதான். ஆனால் வெளிப்புறப் படத்துக்கு இதைவிட மோசமான மாதம் இல்லை. மே 4 அளவில் தொடங்கும் கத்திரி வெயிலில் பட்டுப்புடவையும் வேட்டியுமாக நிற்பவர்கள் பத்து நிமிடத்தில் வியர்த்துப் போவார்கள். முதியவர்களுக்கு அது உடல்நலக் கேடும் ஆகும். வேறு நாள் இல்லையென்றால் சூரியன் உதிக்கும் 5.45 மணியிலிருந்து ஏழு மணிக்குள் முடித்துவிடலாம், அல்லது ஸ்டுடியோவுக்குள் போகலாம்.

ஆடியில் முகூர்த்தங்கள் இல்லாததால் புகைப்படக்காரர்கள் ஓய்வாக இருப்பார்கள். மாலையில் இடிமழை வரக்கூடும். மேகம் மூடிய பகல் கெட்ட பகல் என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. மேகம் வானம் முழுவதையும் ஒரே பெரிய விளக்காக மாற்றிவிடுகிறது, நிழல்கள் மென்மையாகின்றன. பத்துப் பதினைந்து பேர் நிற்கும் படத்துக்கு இதுவே வசதி, ஏனென்றால் ஒருவர் நிழல் அடுத்தவர் முகத்தில் விழாது.

அக்டோபர் முதல் டிசம்பர் முதல் பாதி வரை வடகிழக்குப் பருவமழை. 2015 டிசம்பர் முதல் நாளின் வெள்ளம், 2016 டிசம்பர் 12இல் கரைகடந்த வர்தா புயல், 2023 டிசம்பர் முதல் வாரத்து மிக்ஜாம் புயல் ஆகியவற்றை இவ்வட்டாரத்தார் மறந்திருக்க மாட்டார்கள். தீபாவளிக்கு எல்லோரும் கூடுவதால் அப்போதே எடுக்க நினைப்பது இயல்புதான். அப்படியானால் வீட்டுத் திண்ணை, ஸ்டுடியோ என்று கூரையுள்ள ஓர் இடத்தையும் முன்னதாகவே பேசி வைக்க வேண்டும்.

டிசம்பர் மூன்றாம் வாரத்திலிருந்து போகிக்கு முந்தைய நாள்கள் வரை உள்ள மார்கழிதான் இவ்வட்டாரத்தில் முதலிடம் பெறத் தக்கது. மழை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். நன்றாக மழை பெய்த ஆண்டில் ஏரியில் தண்ணீர் நிறைந்து, வயல் பச்சையாக இருக்கும். வெயில் மென்மையானது, மாலை ஐந்து மணிக்கே நல்ல ஒளி வந்துவிடும், சூரியன் மறைவது 5.45 மணி அளவில். அரையாண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகளுக்கு விடுமுறை. மார்கழியில் திருமணங்கள் இல்லாததால் புகைப்படக்காரரும் கிடைப்பார். இத்தனையும் ஒன்றாகக் கூடி வரும் வாரங்கள் ஆண்டில் வேறு இல்லை. அதிகாலைப் பனி சில நாள்களில் முகங்களை மங்கலாக்கும். அது விலகும் வரை சற்றுக் காத்திருக்க வேண்டும், அவ்வளவே. போகியன்று மட்டும் வேண்டாம்: பழையன எரிக்கும் புகை தாழ்வாகத் தங்கிவிடும்.

தை, மாசியிலும் ஒளி நன்றாகவே இருக்கும். ஆனால் முகூர்த்த நாள்களில் புகைப்படக்காரர்கள் கல்யாண மண்டபங்களில் இருப்பார்கள். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை உள்ள வீட்டில் மார்ச் மாதத்தில் படம் எடுக்கும் பேச்சே எழாது. இலைகளின் நிறம் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு செய்தி: நம் ஊரில் அந்தக் காலம் பங்குனி. பழைய இலையை உதிர்த்த வேம்பு செம்புநிறத் தளிர் விடும், புங்கமரம் பளபளக்கும் இளம்பச்சையில் நிற்கும். இதைப் பின்னணியாக வைத்து எடுத்த படங்களை அதிகம் காண முடிவதில்லை என்பது வியப்புதான்.

பருவத்தை மீறும் காரணங்கள்

பொங்கலுக்குச் சொந்த ஊர் செல்லும் குடும்பம் மணிமங்கலத்தில் படம் எடுக்கத் தேவையில்லை. தாத்தா பாட்டி இருக்கும் ஊர் வாசலிலேயே எடுக்கலாம். ஒடிசா, பீகார் போன்ற மாநிலங்களிலிருந்து வந்தவர்களுக்குத் துர்கா பூசையும் சட் பூசையும்தான் ஊர் திரும்பும் காலம். பெற்றோர் இங்கே வந்து தங்கும் நாள் ஏப்ரலில் அமைந்தால் ஏப்ரலே சரியான மாதம். முதியவர் ஒருவர் நோயுற்றிருக்கும் வீட்டில் மார்கழி வரட்டும் என்று ஒத்திப்போடுவது ஒரு கலைஞரும் சொல்லத் தகாத ஆலோசனை. வடக்கு நோக்கிய சன்னலருகே கட்டிலைத் திருப்பிப் போட்டால் எந்த மாதத்திலும் நல்ல முகப்படம் கிடைக்கும். ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்டு நடுப்பகுதி வரை சூரியன் வடக்கே சாய்ந்திருப்பதால் அந்தச் சன்னலுக்கு ஒரு வெள்ளைத் துணியைத் திரையாகக் கட்ட வேண்டும்.

இடத்தைப் பொறுத்தும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். கோயில்களுக்குள் கைப்பேசி கொண்டு செல்வதற்குத் தடை விதிக்குமாறு 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது; எனவே கோயிலுக்குள் எடுக்கலாம் என எண்ணிச் செல்லாமல் முதலில் நிர்வாகத்திடம் கேட்டுக்கொள்ள வேண்டும். தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடங்களில் முக்காலியுடன் படமெடுக்க முன்அனுமதி தேவை. ஏரிக்கரையில் மழைக்குப் பின் சில வாரங்கள் மண் வழுக்கும் என்பதால், முழங்கால் வலியுள்ளவர்களைக் கரைமேல் ஏற்றாமல் கீழே சமதரையில் அமர்த்தி, மற்றவர்கள் அவர்களைச் சுற்றி நிற்பதே நல்லது.