இழுப்பதற்கு முன் அவிழ்க்க வேண்டும்

திருவக்கரை தேசியக் கல்மரப் பூங்காவில் கிடக்கும் மரங்களில் கிளையும் இல்லை, வேரும் இல்லை, வெறும் அடிமரங்கள்தாம். சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் பெருவெள்ளம் எங்கிருந்தோ அடித்துவந்து இங்கே மணலில் புதைத்தது என்கிறார்கள் புவியியலாளர்கள். பெரிய கனத்தைப் பெயர்த்து இழுத்துவரும் வேலையை இந்த மண் அன்றே பார்த்துவிட்டது.

இன்று இந்த வட்டாரத்தில் இழுபடும் பெரிய கனம், நடுவழியில் நின்றுபோன பேருந்து. சென்னையிலிருந்து தெற்கே போகும் பேருந்துகளில் பெரும்பாலானவை திண்டிவனத்தைத் தொட்டுத்தான் போகின்றன. அங்கே புதுச்சேரிக்கு ஒரு சாலை, செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு ஒரு சாலை. விக்கிரவாண்டியில் கும்பகோணம், தஞ்சாவூர் வண்டிகள் பிரிகின்றன. மிச்சமெல்லாம் விழுப்புரம் தாண்டித் திருச்சிப் பக்கம். 1975-ல் தந்தை பெரியார் பெயரில் தொடங்கிய அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்குத் தலைமையகமும் விழுப்புரம்தான். பௌர்ணமி இரவென்றால் திருவக்கரைக் கோயிலில் வக்கிரகாளியம்மனைப் பார்க்க வரும் கூட்டம் வேறு. இத்தனை வண்டி ஓடும் இடத்தில் தினமும் ஏதோ ஒன்று மக்கர் செய்யத்தான் செய்யும்.

நின்ற பேருந்தைப் பார்த்ததும் நமக்குத் தோன்றுவது, ‘கயிறு கட்டி இழுத்துவிட வேண்டியதுதானே’ என்பது. அங்கேதான் விஷயம் இருக்கிறது. நின்ற பேருந்து தன்னைத்தானே இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

பேருந்தின் பின்சக்கர பிரேக்கில் வலுவான ஸ்பிரிங் ஒன்று உண்டு. வண்டி ஓடும்போது காற்றழுத்தம் அந்த ஸ்பிரிங்கை அமுக்கிவைத்திருக்கும். எங்காவது குழாய் வெடித்தோ வால்வு கெட்டோ ஏர் இறங்கினால், ஸ்பிரிங் விரிந்து சக்கரத்தைப் பூட்டிவிடும். மலைச்சரிவில் பிரேக் இல்லாமல் ஓடுவதைவிட நின்ற இடத்தில் நிற்பது மேல் என்று கருதிச் செய்த ஏற்பாடு இது. இந்த நிலையில் இழுத்தால் சக்கரம் சுற்றாது, டயர்தான் தேயும்.

அதனால் ரெக்கவரி வண்டிக்காரர் முதலில் கையில் எடுப்பது சங்கிலியை அல்ல, சக்கரத்துக்கு அண்டைகொடுக்கும் கட்டையை. பிரேக்கை விடுவித்துவிட்டால் பத்துப் பதினைந்து டன் எடையைப் பிடித்துநிறுத்த வேறு எதுவும் இல்லையே! கட்டை வைத்த பிறகு, தன் வண்டியிலிருந்து குழாய் போட்டு ஏர் ஏற்றுவார். ஏர் நிற்கவில்லையென்றால் அடியில் படுத்துக்கொண்டு, பிரேக் சேம்பரின் பின்னால் உள்ள போல்ட்டைச் சுற்றிச் சுற்றி ஸ்பிரிங்கை உள்ளே இழுத்துவைப்பார். டார்ச்சை வாயில் கவ்வியபடி செய்கிற வேலை.

அடுத்தது, எஞ்சின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஷாஃப்ட்டைக் கழற்றுவது. பலர் சோம்பல்பட்டு விட்டுவிடும் இடம் இது. எஞ்சின் ஓடினால்தான் கியர்பாக்ஸின் உள்பற்கள் சுற்றி எண்ணெயை எங்கும் வாரியடிக்கும். எஞ்சின் நிற்க, தரையில் உருளும் சக்கரம் மட்டும் கியர்பாக்ஸைப் பின்னாலிருந்து சுழற்றினால் மேலே எண்ணெய் ஏறாது. சில கிலோமீட்டரிலேயே பேரிங் கருகும். சின்னக் கோளாறோடு நின்ற வண்டி, பெரிய செலவோடு பணிமனைக்குப் போய்ச்சேரும்.

பின்புறம் எஞ்சின் உள்ள சொகுசுப் பேருந்துகளும், படப்பிடிப்புக்குப் போகும் கேரவன்களும் இன்னும் நுட்பமானவை. முன்சக்கரத்துக்கு முன்னால் உடம்பு நீளமாக நீட்டிக்கொண்டிருக்கும். காற்றுப் பைகள் இறங்கிவிட்டால் தரையோடு தரையாக அமர்ந்துவிடும். பம்பரைப் பிடித்துத் தூக்கினால் பம்பர்தான் கையோடு வரும். முன் அச்சைத் தேடிப்பிடித்துத்தான் தூக்க வேண்டும்.

2024 நவம்பர் கடைசியில் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் வேறொரு பாடம் சொல்லிக்கொடுத்தது. மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை. தென்பெண்ணை வெள்ளம் அரசூர் அருகே திருச்சி நெடுஞ்சாலையின் மேலேயே ஓடியது, போக்குவரத்து நின்றது. வெள்ளத்தில் நின்ற வண்டியை ‘ஒருதடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போமே’ என்று சாவியைத் திருப்புவது பெரும்பிழை. காற்று போகும் வழியாகச் சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருக்கும். தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துபோகும். அப்போது இழுத்துக்கொண்டு போவதே மலிவு.

இந்தத் தொழிலின் மூலக்கதையும் தண்ணீரில்தான் தொடங்குகிறது. அமெரிக்காவின் சட்டனூகா நகரில் எர்னஸ்ட் ஹோம்ஸ் என்ற மெக்கானிக், ஓடையில் விழுந்த காரைக் கயிறும் கட்டையும் ஆள்பலமுமாக எடுக்கப் படாதபாடு பட்டார். அந்த அனுபவத்தில் 1916-ல் அவர் உருவாக்கியதே மீட்பு வண்டி. அந்த ஊரில் இதற்கென அருங்காட்சியகமே இருக்கிறது.

நம் சட்டமும் சில விதிகள் வைத்திருக்கிறது. இழுக்கும் வண்டிக்கும் இழுபடும் வண்டிக்கும் இடையே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. பின்னால் வருபவர்களுக்குத் தெரியும்படி பலகை கட்ட வேண்டும். தேசிய நெடுஞ்சாலையில் நின்றுபோனால் 1033-ஐ அழைக்கலாம். மீட்பு வண்டி வரும்வரை பயணிகள் செய்ய வேண்டியது ஒன்றே: பேருந்தின் பின்னால் நின்று வேடிக்கை பார்க்காமல், சாலையைவிட்டுத் தள்ளிப்போய் நிற்பது. தூக்கக் கலக்கத்தில் வரும் லாரிக்கு அந்த இடம்தான் முதல் இலக்கு.

எச்சரிக்கைக்கு முக்கோணப் பலகை இல்லாதபோது நம் ஓட்டுநர்கள் ஒரு தழையை ஒடித்துப் போடுவார்கள். நாலு கல்லை வரிசையாக வைப்பார்கள். பேருந்து நகர்ந்ததும் எல்லோருக்கும் நிம்மதி. கல் அங்கேயே கிடக்கும். அரைமணி கழித்து பைக்கில் வருகிறவருக்கு அது ஏன் அங்கே இருக்கிறதென்று தெரியாது. கட்டையையும் சங்கிலியையும் எண்ணி ஏற்றிய பிறகு, சாலையில் வைத்த கல்லையும் பொறுக்கி ஓரமாகப் போட்டால்தான் அந்த வேலை முடிகிறது.

திருவக்கரைப் பூங்காவில் கிடக்கும் கல்லை எடுத்துவரக் கூடாது. சாலையில் கிடக்கும் கல்லை விட்டுவிட்டு வரக் கூடாது.