சிறுநீர் சொல்லும் செம்புக் கணக்கு

ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள செம்புக் கம்பியில் ஒன்றரை சென்டிமீட்டர் நீளத்தை வெட்டி எடுத்தால், அதன் எடை ஏறத்தாழ 100 மில்லிகிராம் இருக்கும். வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலிலுள்ள செம்பு முழுவதும் கிட்டத்தட்ட இவ்வளவுதான்! இது இல்லாவிட்டால் உயிர் வாழ முடியாது. மிகுந்துவிட்டாலோ இதுவே நஞ்சாகிவிடும்.

உணவின் மூலம் நாள்தோறும் ஒன்று முதல் இரண்டு மில்லிகிராம் வரை செம்பு நமக்குக் கிடைக்கிறது. தேவைக்கு மிஞ்சியதைக் கல்லீரல் பித்தநீரில் கலந்து, மலத்தோடு வெளியேற்றுகிறது. சிறுநீரில் செல்வது மிகச் சொற்பம். நாளொன்றுக்கு 50 மைக்ரோகிராமுக்கும் குறைவு. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காக்கினால் வரும் ஒரு பங்கு.

சிலருக்குக் கல்லீரலின் இந்த ஆற்றல் பிறவியிலேயே குன்றியிருக்கும். 1912-ஆம் ஆண்டில் கின்னியர் வில்சன் என்ற மருத்துவர் விவரித்த இந்நிலை, அவர் பெயராலேயே வில்சன் நோய் எனப்படுகிறது. செம்பு கல்லீரலிலும், பின்னர் மூளையிலும் படிகிறது. மஞ்சட்காமாலை, கை நடுக்கம், பேச்சுக் குழறல் முதலியன தோன்றலாம். கவனியாது விட்டால் உயிருக்கே ஆபத்து.

இரத்தத்தைச் சோதித்தால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். இங்குதான் ஒரு விந்தை இருக்கிறது. இந்நோயாளிகள் பலரின் இரத்தத்தில் மொத்தச் செம்பு குறைவாகவே காணப்படும்! இரத்தச் செம்பின் பெரும்பகுதி செருலோபிளாஸ்மின் என்ற புரதத்துக்குள் பூட்டப்பட்டுச் செல்வது. இந்நோயில் அப்புரதம் குறைகிறது. பூட்டப்படாத செம்போ பெருகுகிறது. அது சிறுநீரகத்தின் வழியே கசிந்து வருவதால், ஒரு நாள் சிறுநீரில் செம்பு பெரும்பாலும் 100 மைக்ரோகிராமைத் தாண்டிவிடும்.

ஒரு வேளைச் சிறுநீர் ஏன் போதாது? நிறையத் தண்ணீர் குடித்தால் சிறுநீர் நீர்த்துவிடும். குறைவாகக் குடித்தால் செறிந்துவிடும். ஆகவே 24 மணி நேரச் சிறுநீர் முழுவதும் வேண்டும். காலையில் முதலில் கழிப்பதை விட்டுவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு மறுநாள் அதே நேரத்தில் கழிப்பது வரை ஒன்று விடாமல் சேர்க்க வேண்டும். ஆய்வுக்கூடம் அமிலத்தால் கழுவித் தரும் பிளாஸ்டிக் கலமே ஏற்றது. உலோகப் பாத்திரத்தில் பிடித்தால், பாத்திரத்தின் செம்பும் கணக்கில் சேர்ந்துவிடும்.

ஒன்றரை லிட்டரில் 50 மைக்ரோகிராம் என்றால், மூன்று கோடியில் ஒரு பங்கு! இதை எப்படி அளப்பது? அடுப்புச் சுடரில் உப்புத் தூள் விழுந்தால் மஞ்சள் ஒளி வீசுவதைப் பார்த்திருப்பீர்கள். அது சோடியத்தின் ஒளி. ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய அலைநீளங்களில் ஒளியை உமிழும். அதே ஒளியை விழுங்கவும் செய்யும். இப்பண்பைக் கொண்டு தனிமங்களின் அளவை அறியும் முறையை 1955-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் ஆலன் வால்ஷ் என்ற இயற்பியலறிஞர் வெளியிட்டார். செம்பாலான விளக்கின் 324.8 நானோமீட்டர் புற ஊதாக் கதிரை, சிறுநீர் மாதிரி ஆவியாகும் சூடான கிராஃபைட் குழாய்க்குள் செலுத்துகிறார்கள். செம்பு அணுக்கள் விழுங்கிய ஒளியைக் கொண்டு அவற்றின் அளவு கணக்கிடப்படுகிறது.

இச்சோதனை ஒன்றே முடிவன்று. வேறு சில கல்லீரல் நோய்களிலும் சிறுநீரில் செம்பு கூடும். எனவே செருலோபிளாஸ்மின் அளவையும், விழியின் கருவட்ட ஓரத்தில் பழுப்பு வளையம் தெரிகிறதா என்பதையும் மருத்துவர் சேர்த்தே பார்ப்பார்.

1956-ஆம் ஆண்டு முதல் இந்நோய்க்குப் பெனிசிலமின் என்ற மருந்து பயன்படுகிறது. அது படிந்த செம்பைப் பற்றிச் சிறுநீரில் வெளியேற்றும். மருந்து தொடங்கியதும் சிறுநீரில் செம்பு மேலும் கூடினால் அஞ்ச வேண்டியதில்லை. மருந்து வேலை செய்கிறது என்பதே பொருள்.

ஒருவருக்கு இந்நோய் இருந்தால், உடன்பிறந்தோர் ஒவ்வொருவருக்கும் அது இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. நலமாகத் தோன்றினாலும் அவர்களையும் சோதிப்பது இன்றியமையாதது. அறிகுறி தோன்றுமுன் கண்டறிந்து, வாழ்நாள் முழுவதும் சிகிச்சையைத் தொடர்ந்தால், அவர்கள் மற்றவர்களைப் போலவே வாழலாம்.